செவ்வாய்க்கிழமை வண்டியை நிறுத்தாதீர்கள்: அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறங்காவலர்களுக்கு,

சென்னைக்கு வடக்கே, அத்திப்பட்டுக்கு அப்பாலுள்ள ஆற்றங்கரை ஊர்களுக்கும் காட்டுப்பள்ளிப் பக்கத்துக் குப்பங்களுக்கும் செவ்வாய்தோறும் வந்துகொண்டிருந்த உங்கள் மருத்துவ வண்டி அடுத்த மாதம் முதல் வராது என்றும், கர்ப்பிணிகளும் கண் நோயாளிகளும் இனி நகரத்துக்குள் நீங்கள் கட்டி முடித்திருக்கும் புதிய மருத்துவமனைக்கு வந்து பயன்பெறலாம் என்றும், ஆண்டுக்கு இரு முறை மாபெரும் இலவசக் கண் சிகிச்சை முகாம் நடத்தப்படும் என்றும் சமுதாயக் கூடத்தின் கதவில் ஒட்டப்பட்டிருந்த அறிவிப்பில் படித்தேன். அதில் காரணம் என்று ஒரே ஒரு தொடர்தான் இருந்தது: ‘நிர்வாக வசதி கருதி’. யாருடைய வசதி என்று கேட்பதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன்.

நான் ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர். பணிக்காலத்தில் திருவள்ளூர் மாவட்டத்தின் துணை சுகாதார நிலையங்களில் இருந்தவள். இப்போது திருவொற்றியூரில் வசிக்கிறேன். ஓய்வுக்குப் பிறகு உங்கள் வண்டியோடு தன்னார்வலராகச் சென்று, பதிவேடு எழுதும் மேசையில் உட்கார்ந்தவள். உங்கள் அறக்கட்டளையின் பெயரை இங்கே நான் எழுதவில்லை. பெயர் வெளியே வந்தால் நன்கொடையாளர்கள் பின்வாங்கக்கூடும். அந்த இழப்பும் கடைசியில் இந்த ஊர்களின் தலையில்தான் விழும். ஆனால் மடல் யாருக்கு எழுதப்பட்டது என்பது உங்களுக்கும் தெரியும், அந்தப் பதிவேட்டில் பெயருள்ள ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும்.

அறிவிப்பில் இல்லாத காரணங்களை உங்கள் அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொன்னார்கள். மகப்பேறு, தாய்சேய் நலம் எல்லாவற்றையும் அரசே செய்கிறது, ஆகவே தொண்டு நிறுவனம் அதே வேலையை இரண்டாவது முறை செய்யத் தேவையில்லை என்பது ஒன்று. வண்டிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே வந்தவர்கள்தான், புதிய நோயாளிகள் குறைவு, அறுவைச் சிகிச்சை எண்ணிக்கையும் குறைவு, டீசலுக்கும் ஊழியர்களுக்கும் ஆகும் செலவுக்கு இது ஈடாகாது என்பது மற்றொன்று.

அரசு செய்கிறது என்பதை மறுக்கும் கடைசி ஆள் நானாகத்தான் இருப்பேன். தமிழ்நாட்டில் பிரசவங்களில் 99 விழுக்காட்டுக்கு மேல் மருத்துவமனைகளில் நடப்பதாக 2019-21 ஆண்டுகளின் தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. 2018-20 காலத்துக்கான மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில், ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குத் தாய்மார் இறப்பு நாடு முழுவதற்கும் 97 ஆக இருந்தபோது தமிழ்நாட்டில் 54 ஆக இருந்தது. இதில் என்னைப் போன்ற செவிலியர்கள் ஊர் ஊராக நடந்த நடைக்கும் பங்குண்டு என்ற பெருமை எனக்கு இருக்கிறது. ஆனால் மருத்துவமனையில் பிரசவிப்பது ஒரு நாள் நிகழ்ச்சி. அதற்கு முந்திய ஒன்பது மாதமும் பிந்திய ஆறு வாரமும் வீட்டில்தான் கழிகின்றன. அதே குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் இரத்தசோகையோடு இருப்பதாகத்தான் கண்டிருக்கிறார்கள். பிரசவ வார்டின் கட்டில் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ஏழு கிராம் ஹீமோகுளோபினோடு வந்து அதில் படுப்பவளுக்குச் சிறிது கூடுதலாக உதிரம் போனாலும் ஆபத்து.

சமவெளியில் ஐயாயிரம் மக்களுக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதற்கு ஒரு கிராம சுகாதார செவிலியர் என்பது விதி. பக்கத்து நிலையத்தில் பணியிடம் காலியாக இருந்தால் இரண்டையும் ஒருத்தியே பார்ப்பாள். தடுப்பூசி, கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் கணினியில் ஏற்றும் பிக்மி பதிவு, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கான விவரங்கள், குடும்பநலம், இவற்றோடு கைப்பேசியிலும் கணினியிலும் ஏற்ற வேண்டிய கணக்குகள் என்று அவளுடைய நாள் போய்விடும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. அது பெரிய காரியம். ஆனாலும் சத்து மாத்திரை கொடுக்கப்பட்டதா என்று கணக்கு கேட்பவர்கள் இருக்கிறார்கள். விழுங்கப்பட்டதா என்று உட்கார்ந்து கேட்க அரசில் ஆளுக்கு நேரமில்லை.

உங்கள் வண்டியில் வந்த செவிலியர் அதைத்தான் செய்தார். மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொல்லி, மீதி எத்தனை என்று எண்ணிப் பார்ப்பார். மலம் கறுப்பாகப் போகிறது, குமட்டுகிறது என்று பயந்து பாதியில் நிறுத்தியவர்கள் எத்தனையோ பேர். காலையில் டீயோடு சேர்த்து விழுங்கியவர்கள் அதைவிட அதிகம். டீயோடு எடுத்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது என்பதை அவர்களுக்கு அதுவரை ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு படுக்கப்போகும்முன் விழுங்கு, குமட்டல் தெரியாது என்று அவர் சொல்லிக்கொடுத்ததும், அடுத்த வாரம் அதே அட்டையோடு அந்தப் பெண் வந்து நின்றதும்தான் உங்கள் அலுவலகக் கணக்கில் ‘ஏற்கெனவே வந்தவர்’ என்று ஏறியிருக்கிறது.

இந்த இடத்தில்தான் உங்கள் கணக்கோடு எனக்கு அடிப்படையான மாறுபாடு. மருத்துவத்தில் மறுமுறை வருகிறவரைக் குறைவாக மதிப்பிடும் வழக்கம் எங்கிருந்து வந்தது? முகாம் கணக்கிலிருந்து வந்தது. கண்புரை அறுவைச் சிகிச்சை ஒன்றுக்கு இவ்வளவு என்று அரசு மானியம் தொண்டு நிறுவனங்களுக்குக் கிடைக்கிறது. நன்கொடையாளரும் ஆண்டறிக்கையில் அந்த எண்ணைத்தான் முதலில் தேடுகிறார். இரத்த அழுத்தத்தை ஒரே பெண்ணுக்கு மீண்டும் மீண்டும் அளந்து பார்த்ததற்கு மானியமும் இல்லை, புகைப்படமும் இல்லை. கண்புரை முக்கியமில்லை என்று சொல்லவில்லை. 2015-19 ஆண்டுகளில் நடந்த தேசியப் பார்வையிழப்புக் கணக்கெடுப்பில், ஐம்பது வயது கடந்தோரின் பார்வையிழப்பில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கண்புரையே காரணம் என்று தெரிந்தது. அதை நீக்கியாகத்தான் வேண்டும். ஆனால் நீக்கிய பிறகு?

வேறோர் அமைப்பு சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பக்கத்தில் நடத்திய பெரிய முகாமைப் பார்த்தவள் நான். பந்தல், ஒலிபெருக்கி, பிரமுகர்கள், பேருந்து எல்லாம் இருந்தன. அழைத்துச் சென்று அறுவை செய்து, கறுப்புக் கண்ணாடி மாட்டி, சொட்டு மருந்துப் புட்டியோடு ஊரில் இறக்கிவிட்டார்கள். ஒரு வாரம் கழித்தும் ஒரு மாதம் கழித்தும் வந்து காட்ட வேண்டும் என்று அட்டையில் எழுதியிருந்தது. அந்த அட்டையைப் படிக்கும் கண்தான் அவர்களுக்கு இல்லை. படிக்க முடிந்தவர்களுக்கும் அந்த மருத்துவமனை இருக்கும் இடத்துக்குப் போகும் வழி தெரியாது. ஒரு மூதாட்டிக்குக் கண் சிவந்து வலித்தபோது, அறுவை செய்தால் அப்படித்தான் வலிக்கும் என்று வீட்டார் இருந்துவிட்டார்கள். தற்செயலாக உங்கள் வண்டி நின்ற அன்று அவர் பேரன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். உங்கள் கண் பரிசோதகர் டார்ச்சை அடித்துப் பார்த்ததும் மேற்கொண்டு ஒரு சொல் பேசவில்லை. வண்டியிலேயே ஏற்றி எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கு அனுப்பினார். 1819ஆம் ஆண்டிலிருந்து இயங்கும் மருத்துவமனை அது. எண்ணூரிலிருந்து பார்த்தால் தூரமும் அதிகமில்லை. ஆனாலும் அனுப்பி வைக்க ஓர் ஆள் இல்லாமல் அந்த மூதாட்டி அங்கே போயிருக்கமாட்டார். பார்வை முழுதும் திரும்பவில்லை. கண் மிஞ்சியது.

முகாம் நடக்கும் ஊரிலேயே கண் குறையுள்ளவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான் முகாமுக்கு வருகிறார்கள் என்று தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடத்தப்பட்டு 1999இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பயம், கூலி இழப்பு, வீட்டுப் பொறுப்பு, கூட வர ஆளில்லாமை ஆகியவைதான் காரணங்கள். மதுரையில் 1976இல் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, முகாம்களில் இந்நாட்டுக்கே வழிகாட்டியாக இருந்த பிறகும், 2004 முதல் சிற்றூர்களில் நிரந்தரப் பார்வை மையங்களைத் திறக்கத் தொடங்கியது. நிறைய முகாம் நடத்தியவர்கள் ஊருக்குள் நிலையாக இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். ஊருக்குள் நிலையாக வந்துகொண்டிருந்த நீங்கள் முகாமுக்குத் திரும்புகிறீர்கள்.

இனி, கர்ப்பிணிக்கும் கண்ணுக்கும் ஒரே வண்டி எதற்கு என்ற கேள்விக்கு வருகிறேன். இரண்டையும் பிரித்துவிட்டால் திறமை கூடும் என்று உங்கள் ஆலோசகர் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அவர் ஒரு செவ்வாய்க்கிழமையாவது அங்கே நின்றிருந்தால் அப்படிச் சொல்லியிருக்கமாட்டார்.

எட்டாம் மாதத்தில் இருந்த ஒரு பெண் மாமியாருக்குச் சொட்டு மருந்து வாங்கத் துணையாக வந்தாள். தனக்கென்று அவள் எதுவும் கேட்கவில்லை. வரிசையில் நின்றபோது பேச்சோடு பேச்சாக, இரண்டு நாளாகக் கண்முன் பொறி பறக்கிறது, எதிரே வருகிறவர் முகம் மங்கலாகத் தெரிகிறது, எனக்கும் ஒரு கண்ணாடி கொடுங்கள் என்றாள். கண் பரிசோதகர் கண்ணாடிப் பெட்டியைத் திறக்கவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த செவிலியரைக் கூப்பிட்டார். இரத்த அழுத்தம் 160/110. கால் வீக்கத்தை, கர்ப்பகாலத்தில் எல்லோருக்கும் நீர் கோத்துக்கொள்வதுதான் என்று வீட்டில் விட்டிருக்கிறார்கள். பேறுகாலத்தில் இரத்த அழுத்தம் இவ்வளவு ஏறி, கண்ணும் மங்கினால் அடுத்து வருவது வலிப்பு. எங்கள் ஊர்களில் ஜன்னி என்று சொல்லிச் சொல்லியே எத்தனையோ பேரைப் பறிகொடுத்திருக்கிறோம். 108 வண்டி வந்தது, மருத்துவமனையில் வலிப்புத் தடுப்பு ஊசி போட்டார்கள், தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். கண் மருத்துவமனை தனியாகவும் மகப்பேறு மருத்துவமனை தனியாகவும் இருந்திருந்தால் அவள் இரண்டுக்குமே போயிருக்கமாட்டாள்; ஏனென்றால் அன்று அவள் நோயாளியாகக் கிளம்பவில்லை, மருமகளாகக் கிளம்பினாள்.

குறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் கண்ணைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை என்றாலும், இந்த மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 34 வாரம் நிறையும் முன் பிறந்தாலோ இரண்டு கிலோவுக்குக் குறைவாகப் பிறந்தாலோ, பிறந்த 30 நாளுக்குள் அந்தக் குழந்தையின் விழித்திரையைச் சோதிக்க வேண்டும். விழித்திரையின் இரத்தக் குழாய்கள் முழுமையாக வளராமல் பிறந்துவிடுவதால், அவை பின்னர் தாறுமாறாக வளர்ந்து விழித்திரையையே பிய்த்துவிடக்கூடும். உரிய நாளில் கண்டால் லேசர் சிகிச்சையால் பார்வையைக் காக்கலாம். தவறிவிட்டால் அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுதும் இருட்டில் இருக்க வேண்டியதுதான். வெளியே பார்க்கக் கண் நன்றாகத்தான் இருக்கும், தாய்க்கு எதுவும் தெரியாது. மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது கொடுக்கிற தாளில் ஒரு வரி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். பச்சை உடம்புக்காரி, தாய்வீட்டுக்குப் போயிருப்பவள், அந்தத் தாளைப் பிளாஸ்டிக் பைக்குள் மடித்து வைத்திருப்பாள். எங்கள் வண்டியின் செவிலியர் பிரசவித்த வீடுகளுக்குப் போகும்போதெல்லாம் முதலில் கேட்டது அந்தப் பையைத்தான். அப்படிப் பை திறக்கப்பட்டதால் உரிய நாளுக்குள் சோதனைக்குப் போய், லேசர் செய்து, இன்று அங்கன்வாடியில் சுவரிலுள்ள படங்களை விரல்வைத்துக் காட்டுகிற குழந்தையை நான் உங்களுக்குக் காட்ட முடியும்.

சர்க்கரையும் இதே கதைதான். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்பதைத் தமிழ்நாடு 2007ஆம் ஆண்டே நடைமுறைக்குக் கொண்டுவந்தது; அதற்குச் சென்னையைச் சேர்ந்த மருத்துவர் வீ. சேஷையா பல ஆண்டுகள் பாடுபட்டார். பிரசவத்தோடு அந்தச் சர்க்கரை இறங்கிவிடும், அதோடு எல்லோரும் மறந்துவிடுவார்கள். ஆனால் அந்தப் பெண்களுக்குப் பின்னாளில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிக அதிகம். இருபத்தாறு வயதில் பேறுகாலச் சர்க்கரை என்று பதிவேட்டில் ஏறியவள் நாற்பதுகளில் விழித்திரை பாதிக்கப்பட்டு வந்து நிற்பாள். இரண்டு பதிவும் ஒரே ஏட்டில் இருந்தால்தான் நடுவில் அவளைக் கூப்பிட்டு இரத்தமும் கண்ணும் பார்க்க முடியும்.

கண்ணாடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதை உங்கள் அறிக்கைகளில் ஒரு வரிக்கு மேல் நான் கண்டதில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசின் கண்ணொளி காப்போம் திட்டம் 2009 முதல் கண்ணாடி தருகிறது. அந்தப் பிள்ளைகளின் தாய்க்கு யார் தருகிறார்கள்? நாற்பது வயதில் எல்லோருக்கும் வருகிற, கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும் வெள்ளெழுத்துதான். அலுவலகத்தில் இருப்பவருக்கு அது ஒரு சிறு தொந்தரவு. இறால் உரிப்பவளுக்கும், வலைக் கண் அறுந்த இடத்தைத் தேடிப் பின்னுகிறவருக்கும், அது அன்றாடக் கூலி. இடுப்பளவு நீரில் இறங்கி, பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள், பிடித்ததைத் தரம் பிரிக்கும்போது கண்ணுக்கும் கைக்கும் தூரம் சரிப்படாமல் மகளை உட்கார்த்தி வைக்கிறார்கள். அன்றைக்கு அந்த மகளுக்குப் பள்ளி இல்லை. அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயது கடந்த தொழிலாளர்களுக்குக் கிட்டப் பார்க்கும் கண்ணாடி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. கண்ணாடி பெறாதவர்களோடு ஒப்பிட அவர்களுடைய கொழுந்து பறிக்கும் அளவு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருந்தது. அறுவையும் இல்லை, ஊசியும் இல்லை. விலை மலிவான ஒரு சாதாரணக் கண்ணாடி. மாபெரும் முகாமில் கண்புரை இல்லை என்று தெரிந்ததும் இந்தப் பெண்களைத்தான் முதலில் வீட்டுக்கு அனுப்புவார்கள்.

எங்கள் பக்கத்துக் காற்றைப் பற்றித் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும். இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். அனல் மின்நிலையங்களின் சாம்பலும் நிலக்கரித் தூளும் கண்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியும் கடலோர வெயிலும் சேர்ந்த இடம் இது. கண் எரிச்சலோடும் கருவிழியை நோக்கிச் சதை வளர்ந்தும் வருகிறவர்கள் உங்கள் பதிவேட்டில் ஏராளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கொசஸ்தலையாற்றில் பரவியது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாக மக்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். இப்படிப்பட்ட ஊர்களில் கண் பார்க்கும் ஆள் வாரம் ஒருமுறை வருவதை மிகை என்று ஒருவர் சொல்வது எனக்கு விளங்கவில்லை.

நகரத்துக்குள் வாருங்கள் என்கிறீர்கள். அத்திப்பட்டிலிருந்து மின்சார ரயில் இருக்கிறது, எண்ணூரில் பேருந்து இருக்கிறது, விம்கோ நகர்வரை மெட்ரோவும் வந்துவிட்டது என்று வரைபடத்தைப் பார்ப்பவருக்குத் தோன்றும். ஆற்றங்கரையிலிருந்து ரயில் நிலையத்துக்கு வருவதுதான் பயணத்தின் கடினமான பகுதி என்பது வரைபடத்தில் தெரியாது. ஷேர் ஆட்டோ ஆள் நிரம்பும்வரை நகராது. கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலையில் நிறைமாதக்காரியை இருசக்கர வண்டியில் உட்கார்த்திக் கொண்டுபோகத் துணிச்சல் வேண்டும். பார்வை மங்கிய முதியவர் தனியாகக் கிளம்ப முடியாது, ஆகவே ஒரு கண்ணுக்கு இரண்டு பேர் கூலியை விட வேண்டும். உங்கள் மருத்துவமனை கட்டணம் வாங்கவில்லை என்பது உண்மை. அங்கே வந்து சேர்வது இலவசமில்லை.

இன்னும் ஒரு கூட்டத்தார் இருக்கிறார்கள், அவர்களை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. இந்த மாவட்டத்துச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பத்தோடு வருகிறார்கள். துறைமுகத்தைச் சுற்றிய ஒப்பந்த வேலைகளுக்கும் வடமாநிலங்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அவர்களில் கர்ப்பிணிகள் இருந்தால் பாதிக் கர்ப்பத்தில் வந்து, பிரசவத்துக்கு முன்போ பின்போ போய்விடுவார்கள். மொழி தெரியாது, முகவரி கிடையாது, எந்த ஊரில் பதிவு செய்தார்கள் என்பதும் தெரியாது. ரேஷன் அட்டை கேட்காமல் வயிற்றில் கைவைத்துப் பார்த்த ஒரே இடம் உங்கள் வண்டி. அரசுக் கட்டமைப்பின் எல்லைக்கு வெளியே நிற்பவர்களுக்காகத்தானே அறச்சேவை என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள்? உள்ளே இருப்பவர்களுக்கு அரசு பார்த்துக்கொள்ளும் என்ற உங்கள் வாதத்தை ஏற்றுக்கொண்டாலும், வெளியே இருப்பவர்களுக்கு நீங்கள் என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

முடிவைவிட அது எடுக்கப்பட்ட முறை எனக்குக் கூடுதல் வருத்தம் தருகிறது. செவிலியரையோ, ஓட்டுநரையோ, மகளிர் சுயஉதவிக் குழுக்களையோ, ஊர்ப் பஞ்சாயத்தாரையோ கேட்கவில்லை. அறிவிப்பு ஒட்டப்பட்ட அன்றுதான் ஊழியர்களுக்கே தெரிந்தது. வண்டிக்கென்று குறிப்பிட்டு நன்கொடை அளித்தவர்கள் உண்டு; வண்டியின் பக்கவாட்டிலேயே அவர்கள் முன்னோர் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பணம் கட்டடத்துக்குப் போகிறதா என்று கேட்டால் அது நிர்வாக விஷயம் என்கிறார்கள். புதிய மருத்துவமனை கட்டியதைக் குறை சொல்லவில்லை. அறுவைக்கு நல்ல அரங்கு வேண்டும், பள்ளிக்கூட மேசையில் கண்ணை அறுக்கும் காலம் போய்விட்டது நல்லதே. வண்டி அந்த மருத்துவமனைக்கு எதிரி அல்ல, அதன் கை. கட்டடம் எழுந்தவுடன் கையை வெட்டுவானேன் என்பதுதான் என் கேள்வி.

ஆகவே கேட்கிறேன். வண்டியை நிறுத்தும் முடிவை உடனே நிறுத்திவையுங்கள். நிறுத்திவைத்து, அறங்காவலர்களில் குறைந்தது இருவராவது எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில், உங்கள் அலுவலகத்தில் அல்ல, ஒரு கூட்டம் நடத்துங்கள். இறால் எடை போட்டு முடித்துப் பெண்கள் வீடு திரும்பும் பிற்பகல் நேரத்தில் அதை வையுங்கள். வாரந்தோறும் வருவதற்கு நிதி உண்மையிலேயே போதவில்லை என்றால் கணக்கைக் காட்டி அதைச் சொல்லுங்கள், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று பேசி முடிவு செய்யலாம். ஆனால் எப்போது வந்தாலும் செவிலியரும் கண் பரிசோதகரும் ஒரே வண்டியில், ஒரே பதிவேட்டோடு வர வேண்டும். அதில் விட்டுக்கொடுக்க எங்களால் இயலாது.

பேச்சு எப்படி முடிந்தாலும், இன்று பதிவேட்டில் இருக்கும் ஒவ்வொரு கர்ப்பிணியையும் பிரசவம் முடிந்து ஆறு வாரம் ஆகும்வரையும், கண் அறுவை செய்துகொண்ட ஒவ்வொருவரையும் கண்ணாடி கையில் கிடைக்கும்வரையும் பார்த்து முடிப்பது உங்கள் கடமை; அதை எழுத்தில் உறுதி செய்யுங்கள். அவர்களுடைய ஒப்புதலோடு பதிவேட்டின் படிகளை அந்தந்த ஊரின் கிராம சுகாதார செவிலியரிடமும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒப்படையுங்கள், அலுவலகக் கிடங்கில் கட்டிப் போட்டுவிடாதீர்கள். மாபெரும் முகாம் நடத்துவதாக இருந்தால், ஒரு வாரத்திலும் ஒரு மாதத்திலும் அதே ஊரில் மறுபரிசோதனை நடக்கும் தேதிகளை முகாம் சுவரொட்டியிலேயே அச்சிடுங்கள். தேதி இல்லாத முகாமுக்கு ஆள் சேர்த்துத் தர நானும் என்னோடு வந்த மற்றத் தன்னார்வலர்களும் முன்வரமாட்டோம். வெள்ளெழுத்துக் கண்ணாடிகளை மகளிர் குழுக்களிடம் இருப்பு வைத்து, சோதித்துக் கொடுக்க ஒவ்வொரு குழுவிலும் ஒருவருக்குப் பயிற்சி அளியுங்கள். வண்டிக்கென்று இதுவரை வந்த நன்கொடை எவ்வளவு, செலவு எவ்வளவு, மீதி எங்கே என்ற கணக்கைத் தமிழில் வெளியிடுங்கள். இந்த ஊர்களைப் பற்றி முடிவெடுக்கும் குழுவில் இந்த ஊர்ப் பெண்கள் இருவருக்கு இடம் கொடுங்கள்.

உங்கள் பதிலை எனக்கு அனுப்ப வேண்டாம். அறிவிப்பை ஒட்டிய அதே சமுதாயக் கூடத்துக் கதவில், மாதம் முடியும்முன், பொறுப்புள்ள ஒருவரின் கையெழுத்தோடு ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர்,
திருவொற்றியூர், சென்னை